பார்வையாளர் கணக்கு யாரிடம்? படச்சுருள் முதல் ஓடிடி வரையிலான தமிழ்த் திரைப்பட விநியோக வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரைப்படம் மக்களைச் சென்றடையும் வழி கடந்த இருபது ஆண்டுகளில் இருமுறை மாறியுள்ளது. 2000களின் நடுப்பகுதியில் பரவத் தொடங்கிய டிஜிட்டல் திரையிடல் படச்சுருளை நீக்கியது. 2020இல் ஓடிடி தளங்கள் திரையரங்கின் துணையின்றியே புதிய படங்களை வெளியிட்டன. இம்மாற்றங்கள் பெரும்பாலும் திரையரங்குக்கும் இணையத்துக்கும் இடையிலான போட்டியாகவே பேசப்படுகின்றன. அப்போட்டிக்கு அடியில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. ஒரு படத்தை எத்தனை பேர் பார்த்தனர் என்னும் கணக்கு, பலர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் சென்றுள்ளது. இம்மாற்றத்தின் வரலாற்றையும், திரைப்பட வரலாற்றெழுதியலுக்கும் படைப்பாளர் உரிமைக்கும் அதனால் விளையும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தமிழ்த் திரைப்படம், விநியோகம், டிஜிட்டல் திரையிடல், ஓடிடி, பார்வையாளர் கணக்கு, ஆவணக்காப்பு.

முன்னுரை

சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டியதும், பின்னர்க் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலை நிறுவியதும் தமிழகத் திரைப்பட வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் இடம்பெறும் செய்திகள். படம் எடுப்பதற்கு முன்பே படம் காட்டுதல் இங்கு ஒரு தொழிலாக வளர்ந்திருந்தது. எனவே தமிழ்த் திரைப்படத்தின் வரலாறு, படைப்பின் வரலாறாக இருப்பதோடு காட்சிப்படுத்தலின் வரலாறாகவும் அமைகிறது.

எனினும் தமிழ்த் திரைப்பட ஆய்வுகளுள் பெரும்பான்மையானவை கதை, பாத்திரம், பாடல், அரசியல் ஆகியவற்றையே மையமாகக் கொண்டுள்ளன. படம் எவ்வழியே ஊர்களுக்குச் சென்றது, அதனை எவர் எண்ணினர், எவர் கணக்கு வைத்தனர் என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. ஓடிடி தளங்களின் வருகை அவ்வினாக்களைத் தவிர்க்க இயலாதவையாக ஆக்கியுள்ளது.

1. திரைப்பட வரலாற்றுக்குச் சான்றாகும் கணக்குகள்

மௌனப்படக் காலத்துப் பார்வையாளர் குறித்து இன்று அறியப்படுவனவற்றுள் பெரும்பகுதி, 1927–28இல் இயங்கிய இந்தியத் திரைப்படக் குழுவின் அறிக்கையாலும் சான்றுரைத் தொகுதிகளாலும் கிடைத்ததாகும். அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார். திரையரங்க உரிமையாளர், தயாரிப்பாளர், அலுவலர் முதலியோர் குழுவின்முன் அளித்த விடைகளே பிற்கால ஆய்வாளர்க்கு முதன்மைச் சான்றுகளாயின.

அதன்பின் 1939ஆம் ஆண்டுக் கேளிக்கை வரிச்சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. வரி வாங்கவேண்டுமாயின் நுழைவுச்சீட்டுகளை எண்ணவேண்டும். எனவே வரிக்கணக்கு, பார்வையாளர் கணக்காகவும் அமைந்தது. தரை, பெஞ்சு, நாற்காலி எனச் சீட்டுகள் வகைப்படுத்தப்பட்டிருந்தமையால், எத்தனை பேர் பார்த்தனர் என்பதோடு எத்தகைய பொருளாதார நிலையினர் பார்த்தனர் என்பதையும் ஓரளவு உய்த்துணர முடிந்தது. திரையரங்கம் தமிழர் பலரும் சாதி வேற்றுமை கடந்து ஒரே கூரையின்கீழ் அமர வழிவகுத்த இடம் எனக் கா. சிவத்தம்பி முன்வைத்த கருத்தையும், அக்கூரைக்குள் சீட்டின் விலை வகுத்த எல்லைகளையும் ஒருசேர ஆராய்வதற்கு இத்தகைய கணக்குகள் துணைநிற்கின்றன.

தனிமனித முயற்சிகளும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கன. ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் வாழ்நாள் முழுதும் திரட்டிய விளம்பரங்கள், நிழற்படங்கள், பட வெளியீட்டுக் குறிப்புகள் ஆகியவற்றின் பயனாக 2004இல் ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ என்னும் தொகுப்பு நூல் வெளிவந்தது. எந்தப் படம் எந்நாளில் வெளியானது என்னும் எளிய வினாவுக்கும் அவருடைய தொகுப்பையே ஆய்வாளர் நாடவேண்டியிருந்தது. இத்தகைய தொகுப்பு இயன்றதற்குக் காரணம், திரைப்பட வெளியீடு என்பது நாளிதழ் விளம்பரம், சுவரொட்டி, துண்டறிக்கை எனப் பொதுவெளியில் தடயம் விட்டுச்சென்ற ஒரு நிகழ்வாக இருந்தமையே ஆகும்.

2. படச்சுருள் காலத்து விநியோகமும் கணக்கும்

35 மி.மீ. படச்சுருளில் ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடி நீளம் தேவை. இரண்டரை மணி நேரப் படம் ஏறத்தாழ 13,500 அடி நீளமுடையது. ஆயிரம் அடி கொண்ட சுருள்களாக வகுத்தால் பதினான்கு சுருள்கள் ஆகும். இச்சுருள்கள் இரும்புப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுத் தொடர்வண்டியிலும் பேருந்திலும் ஊர்களுக்குச் சென்றன. ‘பெட்டி வந்துவிட்டதா?’ என்பது படம் வெளியாகும் நாளில் திரையரங்க வாயிலில் கேட்கப்பட்ட வழக்கமான கேள்வி.

படியெடுக்கும் செலவு மிகுதியாதலால் ஒரு படத்துக்குக் குறைந்த எண்ணிக்கையிலேயே படிகள் எடுக்கப்பட்டன. அவை முதலில் பெருநகரங்களிலும், பின்னர்ச் சிறு நகரங்களிலும், இறுதியாகக் கிராமப்புறக் கொட்டகைகளிலும் திரையிடப்பட்டன. ஏ, பி, சி சென்டர் என வணிகர் வழங்கிய பகுப்பு இந்நடைமுறையோடு தொடர்புடையது. கிராமத்துக் கொட்டகையில் மழைபோல் கோடுகள் விழுந்த படத்தை மக்கள் பார்த்ததும் இதனாலேயே. படத்தின் காலப்பயணம் படியின் தேய்மானத்திலேயே பதிவாயிற்று.

தமிழகம் சென்னை நகரம், செங்கற்பட்டு மற்றும் வட, தென் ஆர்க்காடுகளை உள்ளடக்கிய என்.எஸ்.சி., கோவை, சேலம், திருச்சி–தஞ்சை, மதுரை–இராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி என விநியோகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நேரடி விற்பனை, குறைந்தபட்ச உத்தரவாதம் எனப்படும் எம்.ஜி., விழுக்காட்டு முறை எனப் பல ஒப்பந்த வகைகள் நிலவின. அன்றாட வசூல் விவரம் ‘டி.சி.ஆர்.’ என்னும் தாளில் பதியப்பட்டது. விநியோகஸ்தரின் பிரதிநிதி திரையரங்கில் இருந்து சீட்டுகளைச் சரிபார்ப்பதும் உண்டு.

இக்கணக்குகள் உண்மையானவை என்று கொள்வதற்கில்லை. வரியைக் குறைக்க வசூல் குறைத்துக் காட்டப்பட்டது. விளம்பரத்துக்காகக் கூட்டியும் சொல்லப்பட்டது. ஒரேயொரு காட்சியை மட்டும் தொடர்ந்து ஓட்டி நூறு நாள் எட்டியதாக அறிவிப்பதும் நடந்தது. ஆயினும் அரங்க உரிமையாளர், விநியோகஸ்தர், தயாரிப்பாளர், வரி அலுவலர், செய்தியாளர் ஆகியோரிடம் தனித்தனியே கணக்கு இருந்தது. ஒருவர் கணக்கை மற்றொருவர் கணக்கோடு ஒப்பிட்டுப் பொய்யைக் கண்டறிய முடிந்தது. பொய்க்கணக்கும் ஒப்பிடத்தக்கதாக இருக்கும்போது வரலாற்றாசிரியனுக்குச் சான்றாகவே பயன்படும்.

3. டிஜிட்டல் திரையிடலும் 2018 வேலைநிறுத்தமும்

சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட ரியல் இமேஜ் நிறுவனத்தின் ‘கியூப்’ தொழில்நுட்பமும், யு.எஃப்.ஓ. மூவிஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பமும் 2000களின் நடுப்பகுதியிலிருந்து தமிழகத் திரையரங்குகளில் பரவின. சுருளின் இடத்தைக் கணினிக் கோப்பு பெற்றது. பூட்டிய கோப்பு அரங்குக்கு அனுப்பப்படும். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் திறவுகோல் பின்னர் வழங்கப்படும். படியெடுக்கும் செலவு குறைந்தமையால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அரங்குகளில் படத்தை வெளியிடுவது எளிதாயிற்று. ஏ, பி, சி என்னும் கால வரிசை தளர்ந்தது. நகரத்தில் வெளியாகும் நாளிலேயே சிற்றூரிலும் தெளிவான படத்தைக் காணமுடிந்தது. இது மக்களாட்சித் தன்மை வாய்ந்த மாற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இதன் மறுபக்கமாக நூறு நாள் ஓடும் வழக்கம் அருகியது. முதல் மூன்று நாள் வசூலே படத்தின் விதியை முடிவு செய்வதாயிற்று. அத்துடன், ஓர் அரங்கில் எத்தனை காட்சிகள் நடந்தன என்னும் பதிவு டிஜிட்டல் கருவியிலேயே அமைந்தது. தயாரிப்பாளருக்கும் அரங்குக்கும் இடையே சேவை நிறுவனம் என்னும் மூன்றாம் தரப்பு உருவானது. பார்வையாளர் கணக்கு இடம்பெயரத் தொடங்கியதன் முதற்படியாக இதனைக் கொள்ளலாம்.

இம்மூன்றாம் தரப்புக்குத் தயாரிப்பாளர் செலுத்தவேண்டியிருந்த வி.பி.எஃப். எனப்படும் கட்டணமே 2018ஆம் ஆண்டுப் போராட்டத்துக்குக் காரணமாயிற்று. கருவிகளுக்கான செலவு ஈடேறிய பின்னும் கட்டணம் தொடர்வது ஏன் எனத் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் வினவியது. 2018 மார்ச் 1 முதல் புதிய படங்களின் வெளியீடு நிறுத்தப்பட்டது. பின்னர்ப் படப்பிடிப்புகளும் நின்றன. அரசு முன்னிலையில் நடந்த பேச்சுக்குப் பின் ஏப்ரல் 20 அளவில் படங்கள் மீண்டும் வெளியாயின.

இப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் நுழைவுச்சீட்டு விற்பனை முழுமையும் கணினிமயமாகவேண்டும் என்பதும் ஒன்றாகும். கட்டணப் பிரச்சினையின் நிழலில் இக்கோரிக்கை பெரிதும் கவனிக்கப்படவில்லை. விற்ற சீட்டின் உண்மைக் கணக்கைத் தாமும் அறியவேண்டும் என்பதே அதன் உட்பொருள். திரையரங்கக் கணக்கைத் திறக்கக் கோரிய அதே தொழில்துறை, இரண்டே ஆண்டுகளில், கணக்கே காட்டப்படாத ஒரு விற்பனை முறைக்குள் நுழைய நேர்ந்தது.

4. முதல் காட்சி உரிமை: 2013, 2015

தொலைக்காட்சி, ஒளிநாடா, கேபிள் என ஒவ்வொரு புதிய ஊடகம் வந்தபோதும் திரையரங்கத் தொழில் அச்சமடைந்தது. அவை யாவும் அரங்கில் ஓடிய படத்தையே பின்னர்க் காட்டின. முதல் காட்சி அரங்குக்கே உரியதாக இருந்தது. அவ்வொழுங்கை மாற்ற முயன்ற நிகழ்வுகளுள் இரண்டு கருதத்தக்கன.

முதலாவது, ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்குக்கு முன்பாகவே டி.டி.எச். வழியாக வீடுகளில் காட்டக் கமல்ஹாசன் 2013 தொடக்கத்தில் மேற்கொண்ட முயற்சி. திரையரங்க உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். படத்துக்கு எழுந்த பிற எதிர்ப்புகளால் தமிழகத்தில் வெளியீடு தாமதமாகி, 2013 பிப்ரவரி 7 அன்று திரையரங்குகளில் வெளியானது. டி.டி.எச். வெளியீடு திட்டமிட்டபடி நடைபெறவில்லை. இரண்டாவது, இயக்குநர் சேரன் ‘சினிமா டு ஹோம்’ என்னும் திட்டத்தின்கீழ் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை 2015 மார்ச்சில் குறுந்தகடாக நேரடியாக வீடுகளுக்குக் கொண்டுசென்ற முயற்சி. அத்திட்டமும் நிலைபெறவில்லை.

இவ்விரு முயற்சிகளிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. வீட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு காட்சிக்கும் அல்லது ஒவ்வொரு தகட்டுக்கும் விலை உண்டு. எத்தனை விற்றன என்னும் கணக்கு படைப்பாளரின் வருவாயோடு நேரடியாகப் பிணைந்திருந்தது. பின்வந்த ஓடிடி முறை இப்பிணைப்பை அறுத்தது.

5. திரையரங்கின்றி வெளியீடு: 2020க்குப் பின்

நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியிலும் அமேசான் பிரைம் வீடியோ அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியாவில் சேவையைத் தொடங்கின. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ அறிமுகமானதைத் தொடர்ந்து இணையத் தரவின் விலை பெரிதும் வீழ்ந்தது. கைப்பேசி திரைப்படம் பார்க்கும் கருவியாவதற்குரிய சூழல் இவ்வாறு உருவானது.

கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் தமிழகத் திரையரங்குகள் மூடப்பட்டன. ‘பொன்மகள் வந்தாள்’ மே 29 அன்று அமேசான் பிரைமில் நேரடியாக வெளியானது. இம்முடிவை எதிர்த்த திரையரங்க உரிமையாளர் சங்கத்தினர், அப்படத்தைத் தயாரித்த 2டி நிறுவனத்தின் பிற படங்களைத் திரையிடப்போவதில்லை என அறிவித்தனர். 2013இல் பலித்த எதிர்ப்பு இம்முறை பலிக்கவில்லை. மறுப்பதற்கு அரங்குகள் திறந்திருக்கவில்லை. ‘பெண்குயின்’, ‘சூரரைப் போற்று’, ‘மூக்குத்தி அம்மன்’ ஆகியவை தொடர்ந்தன. ‘க/பெ ரணசிங்கம்’ மட்டும் அக்டோபர் 2 அன்று ஒரு காட்சிக்கு ரூ. 199 கட்டணம் என்னும் முறையில் வெளியானது. ‘மண்டேலா’ 2021 ஏப்ரலில் தொலைக்காட்சியில் முதலில் ஒளிபரப்பாகிப் பின் ஓடிடி தளத்துக்குச் சென்றது.

2020 நவம்பர் 10 அன்று திரையரங்குகள் பாதி இருக்கைகளோடு மீண்டும் திறக்கப்பட்ட பின் விவாதம் இடைவெளியைப் பற்றியதாக மாறியது. 2021 ஜனவரி 13 அன்று அரங்குகளில் வெளியாகிக் கூட்டத்தை மீட்டெடுத்த ‘மாஸ்டர்’, பதினாறு நாள்களில் இணையத்துக்கும் வந்தது. பின்னர் நான்கு வார இடைவெளி தமிழ்ப் படங்களுக்குப் பொது வழக்கமாயிற்று. இந்திப் படங்களுக்கு எட்டு வார இடைவெளியை வற்புறுத்திய தேசிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள், 2023 அக்டோபரில் வெளியான ‘லியோ’வின் இந்திப் பதிப்பைத் திரையிடவில்லை. முதல் காட்சி உரிமை குறித்த பூசல், இவ்வாறு வாரக்கணக்கைப் பற்றிய பேரமாக மாறியுள்ளது.

6. மூடிய கணக்கு

ஓடிடி தளம் பொதுவாக ஒரு படத்தின் ஒளிபரப்பு உரிமையை ஒரு தொகைக்குப் பெறுகிறது. எத்தனை பேர் பார்த்தாலும் அத்தொகை மாறாத ஒப்பந்தங்களில், பார்வையாளர் எண்ணிக்கையை அறியும் வணிகத் தேவை தயாரிப்பாளருக்கு உடனடியாக எழுவதில்லை. தளமோ திரையரங்க உரிமையாளர் ஒருபோதும் அறிந்திராத அளவுக்கு நுணுக்கமான விவரங்களைப் பெறுகிறது. பார்வையாளர் எங்கே நிறுத்தினார், எதனைத் தாண்டிச் சென்றார், எந்தக் கருவியில் பார்த்தார் என்பன அதற்குத் தெரியும். தரை டிக்கெட் எண்ணியவரைவிடப் பன்மடங்கு அறிந்த ஒருவரிடம், முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு மூடிய கணக்கு உள்ளது.

வெளியிடப்படும் எண்களும் ஒப்பிடத்தக்கனவாக இல்லை. நெட்ஃபிளிக்ஸ் 2020 தொடக்கத்தில், இரண்டு நிமிடம் பார்த்தவரையும் ஒரு படத்தைப் பார்த்த கணக்கில் சேர்த்தது. 2021 நவம்பரில் பார்த்த மொத்த மணி நேரம் அளவுகோலாயிற்று. 2023 ஜூனில் மொத்த நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுக்கும் முறை வந்தது. 2023 டிசம்பரில் அந்நிறுவனம் 18,000க்கும் மேற்பட்ட தலைப்புகளுக்கு அரையாண்டுக் கணக்கை வெளியிட்டது. அது உலகளாவிய மொத்தமாகவே இருந்தது. நாடுவாரியான பகுப்பு இல்லை. 50,000 மணி நேரத்துக்குக் குறைந்தவை இடம்பெறவில்லை. மதுரையில் ஒரு தமிழ்ப் படம் எவ்வளவு பார்க்கப்பட்டது, மலேசியாவில் எவ்வளவு பார்க்கப்பட்டது என்பதை இத்தகைய கணக்கிலிருந்து அறிய இயலாது.

இது வரலாற்றாசிரியரின் கவலை மட்டும் அன்று. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலான பிற பயன்பாடுகளுக்குப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகையில் பங்கு பெறும் உரிமையை உறுதி செய்கிறது. திரையரங்கமே பயன்பாட்டின் முதன்மை இடமாக இருந்த காலத்தில் அவ்விலக்கு பெரியது. படம் இணையத்தில் முதற்காட்சி காணும் இக்காலத்தில் அவ்வுரிமையின் பரப்பு விரிகிறது. ஆயின் பயன்பாட்டின் அளவு தெரியாதபோது பங்கின் அளவைக் கணிப்பது எவ்வாறு? சட்டம் தந்த உரிமையின் பயன், கணக்கைக் காணும் உரிமையைச் சார்ந்துள்ளது.

அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் இதுவும் ஒன்று. பெருஞ்செலவில் உருவான ஓடிடி படைப்புகள் பார்க்கப்பட்ட மொத்த மணி நேரத்தைச் சங்கத்துக்கு இரகசியக் காப்போடு தெரிவிக்க அதன்பின் எட்டப்பட்ட ஒப்பந்தம் வழிசெய்தது. தமிழ்த் திரைத்துறையின் 2018 கோரிக்கையோடு இதனை ஒப்பிட்டு நோக்கினால், வெவ்வேறு சூழல்களில் ஒரே வினா எழுந்திருப்பதை உணரலாம்.

7. படைப்பின் இருப்பு

முதல் தமிழ்ப் பேசும்படமாகக் கருதப்படும் ‘காளிதாஸ்’ (1931) படத்தின் படி இன்று கிடைப்பதாகத் தெரியவில்லை. ஆர். நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ என்னும் மௌனப்படத்தின் நிலையும் அதுவே. தீப்பற்றும் தன்மையுள்ள படச்சுருளும் பாதுகாப்பின்மையும் அக்கால இழப்புகளுக்குக் காரணங்கள். எனினும் படிகள் பல இடங்களுக்குச் சென்றிருந்தமையால், காணாமற்போனதாகக் கருதப்பட்ட படம் எங்கேனும் ஒரு பெட்டியில் கிடைக்கலாம் என்னும் நம்பிக்கைக்கு இடமிருந்தது.

ஓடிடியில் மட்டும் வெளியாகும் படத்துக்கு அத்தகைய பெட்டி இல்லை. பார்வையாளரிடம் இருப்பது சந்தா மட்டுமே, படி அன்று. 2023 டிசம்பரில் திரையரங்குகளில் வெளியாகி அம்மாத இறுதியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த ‘அன்னபூரணி’, எழுந்த புகார்களைத் தொடர்ந்து 2024 ஜனவரியில் அத்தளத்திலிருந்து நீக்கப்பட்டது. அப்புகார்கள் தகுந்தவையா என்பது வேறு விவாதம். தணிக்கைச் சான்று பெற்று அரங்குகளில் ஓடிய படமும் ஒரே நாளில் பார்வையாளர் அனைவர்க்கும் எட்டாததாகலாம் என்பதே ஆவணக்காப்பு நோக்கில் கருதவேண்டியது.

அரசுப் பதிவுகளின் நிலையும் மாறியுள்ளது. 2021 பிப்ரவரி 25 அன்று வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், ஓடிடி தளங்கள் தம் படைப்புகளை வயதுக்கேற்பத் தாமே வகைப்படுத்தும் முறையை ஏற்படுத்தின. பொது அரங்கில் காட்டப்படாத படைப்புக்குத் தணிக்கைச் சான்று கட்டாயமன்று. இதனால் படத்தின் பெயர், நீளம், வெட்டப்பட்ட பகுதி, நாள் ஆகியவற்றைத் தாங்கிய ஓர் அரசுப் பதிவும் அத்தகைய படைப்புகளுக்கு இல்லாமற்போகிறது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன.

• டிஜிட்டல் தொழில்நுட்பம் தமிழ்த் திரைப்பட விநியோகத்தை இரு நிலைகளில் மாற்றியது. முதல் நிலையில் படச்சுருள் நீங்கியது. அடுத்த நிலையில் திரையரங்கின் இன்றியமையாமை நீங்கியது.

• 2013, 2015, 2018, 2020 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகள் தனித்தனிப் பூசல்கள் அல்ல. முதல் காட்சி உரிமை, கட்டணம், கணக்கு ஆகியவற்றின் மீதான ஆளுகை குறித்த தொடர் போராட்டத்தின் பகுதிகள் அவை.

• படச்சுருள் காலத்துக் கணக்குகள் குறையுடையன. எனினும் பலரிடம் இருந்தமையால் ஒப்பிடத்தக்கன. ஓடிடி காலத்துக் கணக்கு நுட்பமானது; எனினும் ஒருவரிடம் மட்டும் இருப்பதால் சரிபார்க்க இயலாதது.

• பார்வையாளர் கணக்கு மூடப்படுவது, திரைப்பட வரலாற்றெழுதியலைப் போலவே பாடலாசிரியர், இசையமைப்பாளர் முதலியோரின் சட்ட உரிமையையும் பாதிக்கிறது.

1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின் பயனாக, அச்சாகும் நூல்களின் படி சென்னைக் கன்னிமாரா நூலகத்தைச் சென்றடைகிறது. இணையவழித் திரைப்படங்களுக்கும் அத்தகைய ஒப்படைப்புக் கடமை வேண்டும். புணேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அதற்குரிய இடமாகலாம். பார்வையாளர் விவரங்களை வணிக இரகசியம் எனக் கருதும் தளங்கள், சில ஆண்டுகள் கழித்தேனும் அவற்றை மாவட்ட அளவில் ஆய்வுக்குத் திறக்கும் ஏற்பாடும் தேவை. அதுவரை ஆய்வாளர் தாமே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. மூடப்பட்டுவரும் சிற்றூர்த் திரையரங்குகளில் டி.சி.ஆர். ஏடுகளும் விநியோக ஒப்பந்தங்களும் துண்டறிக்கைகளும் இன்னும் ஆங்காங்கே எஞ்சியிருக்கக்கூடும். கட்டடம் இடிபடும்போது அவை பழைய தாளாக எடைக்குப் போகும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் அவற்றைத் திரட்டத் தொடங்கினால், பலர் கையில் கணக்கு இருந்த காலத்தின் சான்றேனும் எஞ்சும்.